சரோஜா சித்தி ஏன் மெட்ராஸ் போகவில்லை

ரவி,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். மோதி பாக் ஸ்கூலில் உன்னைத் தமிழ் படிக்கவைக்க நான் பட்ட பாட்டுக்கு ஒருநாளாவது பலன் வேண்டாமா? நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராருடைய பேச்சுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். போனில் எந்த விஷயமும் முழுதாகப் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியாது. அதுவும் நீ, நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அச்சா அம்மா, அச்சா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிற ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, ஃபரீதாபாத் ஃபாக்டரியில் பர்சனல் ஆபீசராகச் சேரப்போகிறேன் என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். உன் அப்பா இருந்திருந்தால் அக்கம்பக்கம் முழுக்க லட்டு கொடுத்திருப்பார். சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். அங்கே சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கிறது, யூனியன் முரண்டு பிடிக்கிறது, யூனியனில் துணைச் செயலாளராக ஒரு வெல்டர் இருக்கிறான், அவன் குடும்பத்தை கோரக்பூரிலிருந்து கொண்டுவர கம்பெனி குவார்ட்டர்ஸ் கேட்டு நெடுநாளாக அலைகிறான், அந்தக் குவார்ட்டர்ஸ் சாவியைக் காட்டினால் யூனியன் தலைவருக்கு எதிராக எழுதிக் கொடுத்துவிடுவான், சேர்ந்ததும் உன் முதல் வேலை அதுதான் என்று உன் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். "ரொம்ப ஈஸிம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளத்துக்குக் கை நீட்டினாய். நானும் போட்டேன்.

சரோஜா அப்போது பால்கனி வெயிலில் இரண்டு ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு, வழக்கம்போல டெல்லிக் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நீ கை கழுவிவிட்டுப் போய், "சித்தி, எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா இந்தக் குளிரைத் திட்டறீங்க. பேசாம மெட்ராஸ் போயிருக்கலாமே, யார் பிடிச்சு வெச்சது?" என்று கேட்டாய். இதையும் நீ ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறாய். அவளும் ஒவ்வொரு தடவையும் போலச் சிரித்தாள். நீ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். எனக்குக் கோபம் வந்தது, ரவி. அது ஆறட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்து இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் ஆறியிருக்கிறது.

யார் பிடித்துவைத்தது என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன். அவள் உனக்குச் சொந்தச் சித்தி இல்லை என்பது உனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து சீட்டுக்காரி, பெரம்பூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். அவ்வளவுதான் உனக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீ பிறந்தாய். பிரசவ லீவு முடிந்தபோது ஒரே கேள்விதான் இருந்தது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? டெல்லியில் நம்மைப்போன்ற குடும்பங்களுக்கு உறவு என்று யாரும் கூப்பிடு தூரத்தில் கிடையாது. எதிர் குவார்ட்டர்ஸ் ஒரிஸ்ஸாக்கார அம்மா கொஞ்ச நாள் உன்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷனுக்கு புவனேஸ்வர் மாற்றலாகி அவர்கள் போய்விட்டார்கள். உன் அப்பா மினிஸ்டிரியில் குமாஸ்தா, சாயங்காலம்தான் வீடு திரும்புவார். எனக்கோ ஷிஃப்ட் வேலை. மாலை ஷிஃப்டை எப்படியோ சமாளித்தோம். காலை ஷிஃப்டுக்கு வழியில்லை. கடைசியில் உன்னையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் ஓய்வெடுக்க ஓர் அறை உண்டு. அங்கே இரண்டு கட்டிலுக்கு நடுவே, காஷ்மீர் ஆப்பிள் வருகிற மரப்பெட்டியில் பழைய ரஜாய்ப் போர்வையை மடித்துப் போட்டு உன்னைக் கிடத்தினோம். எங்கள் வேலையில் ரிலீஃப் என்று ஒன்று இருக்கும். காதில் ஹெட்செட்டோடு தொடர்ந்து உட்கார முடியாது என்பதால் ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி வந்து உட்காருவாள். அந்த ரிலீஃபையே எங்கள் பெண்கள் மாற்றி அமைத்துவிட்டார்கள். எழுந்து போகிறவள் நேரே ஆப்பிள் பெட்டிக்குப் போவாள், அடுத்தவள் வந்ததும் சீட்டுக்குத் திரும்புவாள். பஞ்சாபி, மலையாளி, வங்காளி, யார் மடியில் நீ இல்லை? சூபர்வைசர் அம்மாளுக்கும் தெரியும். அவள் அந்த அறைப்பக்கமே வராமல் இருந்து உதவி செய்தாள்.

குளிர்காலம் முடியும்வரை ஓடியது. ஒருநாள் மேலேயிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். நீ அதுவரை நல்ல பிள்ளையாகத் தூங்கிவிட்டு, அவர் வராந்தாவில் கால் வைத்ததும் வீறிட்டாய். "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். "சாப், குழந்தை" என்றாள் ஹர்பன்ஸ் கௌர். "குழந்தையா? யாருடையது?" "எக்ஸ்சேஞ்சுடையது சாப்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் என் கையில் சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. அனுமதியில்லாமல் அலுவலக அறையைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது, ஊழியர்களின் கவனத்தைச் சிதறடித்தது என்று ஏதேதோ. உன் அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "டிராஃப்ட் நல்லா இருக்கு" என்றார். ஃபைலிலேயே வாழ்ந்தவர், வேறென்ன சொல்வார்? பிறகு, "யூனியன் பக்கம் போகாதே, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு" என்றார்.

ஹர்பன்ஸ் கௌர் யாரென்று சொல்லவேண்டும். எங்கள் எக்ஸ்சேஞ்சின் யூனியன் செயலாளர் அவள். லாகூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கைப்பொருள் எதுவும் இல்லாமல் வந்தவள். தொண்டை அப்படி, மைக் வேண்டாம். யூனியன் கூட்டமென்றால் நீ கொடியும் கோஷமுமாகக் கற்பனை செய்வாய். எங்கள் கூட்டம் மதிய இடைவேளையில் புல்வெளி வெயிலில், ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, நடுவில் வேர்க்கடலையைக் கொட்டிவைத்துக்கொண்டு நடக்கும். தீர்மானம் நிறைவேறும்போதுகூட ஒருத்தியும் கம்பளி ஊசியைக் கீழே வைக்கமாட்டாள்.

யூனியன் உடனே எனக்காகப் பொங்கி எழுந்தது என்று நினைக்காதே. மேல்மட்டத் தலைவர்கள் எல்லாரும் ஆண்கள். ஹர்பன்ஸ் போய்ச் சொன்னதற்கு, "இது குடும்ப விஷயம் பெஹன்ஜி. பஞ்சப்படி, போனஸ், பிரமோஷன், நம்ம கோரிக்கை இதெல்லாம்தான். குழந்தையை எல்லாம் இதுல சேர்த்தா சிரிப்பாங்க" என்றார்கள். அவள் அங்கேயே கேட்டாளாம். ஹிந்தியில்தான் கேட்டாள், எனக்கு எப்போதும் தமிழில்தான் ஞாபகம் வருகிறது: "உங்க போனஸுக்காக கேட் வாசல்ல தொண்டை கிழியக் கத்தினது யாரு? நாங்க. எங்க குரல் மட்டும் வேணும், எங்க குழந்தை வேணாமா?" அவர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ யூனியனைக் குறை சொன்னபோது, அதில் பாதி சரி என்று சொன்னேன். டியூட்டியில் தூங்கி விழுந்த ஆளையும் அது காப்பாற்றியிருக்கிறது. மாலைக்குக் கழுத்தை நீட்டுவதற்கென்றே தலைவரானவர்களையும் பார்த்திருக்கிறேன். மற்ற பாதியையும் நான்தானே பார்த்தேன். யூனியன் இல்லாத நாட்களில் லீவு கேட்க சூபர்வைசர் மேஜைக்கு முன்னால் அவர் தலை நிமிரும்வரை நிற்கவேண்டும். மாலை ஷிஃப்ட் முடிந்து பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று ஆபீசில் ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை, யூனியன் சண்டை போட்ட பிறகுதான் வேன் வந்தது. இவையெல்லாம் வந்த பிறகு, எப்போதும் இருந்ததுபோல ஆகிவிடும்.

தலைவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, எங்கள் எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். ஸ்டிரைக் இல்லை. ஸ்டிரைக் என்றால் சர்வீஸில் முறிவு என்று போட்டுவிடுவார்கள். விதிப்படி வேலை. அதாவது, ரூல் புத்தகத்தில் இருப்பது எதுவோ அதை மட்டும், அப்படியே செய்வது. கேட்டால் உனக்குச் சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு எங்கள் வேலை நடந்துகொண்டிருந்ததே விதியை மீறித்தான். மெட்ராஸ் லைன் கிடைக்கவில்லை என்றால், இத்தனை நேரம் கழித்து மறுபடி முயற்சி செய் என்பது விதி. நாங்கள் நாக்பூர் ஆபரேட்டரைப் பிடித்து, "அக்கா, கொஞ்சம் தள்ளி விடேன்" என்று கெஞ்சி அந்த வழியாகப் போடுவோம். அந்த மாதிரிச் சுற்றுவழிக்கு, எங்களைக் கண்காணிக்கிற மானிட்டர் அம்மாவின் அனுமதி வேண்டும், ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசவே கூடாது. ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி, எழுதி, உறுதி செய்துகொண்டு, வரிசை மாறாமல் போடவேண்டும். அப்படியே போட்டார்கள். யாரும் சீட்டை விட்டு எழவில்லை, யாரும் குரல் உயர்த்தவில்லை. இரண்டாம் நாளே பாதி டெல்லிக்கு லைன் கிடைக்கவில்லை. மினிஸ்டிரியில் உன் அப்பாவின் செக்ஷன் ஆபீசர் வந்து, "உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டாராம். உன் அப்பாவுக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று பின்னால் ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போது திருச்சியிலிருந்து உன் மாமா தந்தி அடித்தான். தாத்தாவுக்கு மறுநாள் ஆபரேஷன், என்னோடு பேசவேண்டும் என்கிறார், ஆஸ்பத்திரி எண் இது என்று. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் அன்றைக்கு அர்ஜென்ட் கால் புக் செய்துவிட்டு, பெஞ்சில் ஆளோடு ஆளாக உட்கார்ந்தேன். எனக்காகத்தான் லைன் ஓடவில்லை, எனக்கே லைன் வேண்டும். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான வாத்தியார், மாஸ்டர்ஜி என்று கவுண்ட்டரில் கூப்பிட்டார்கள். காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாராம். புனாவில் மகளுக்குப் பிரசவ நேரம், ஒரு தகவலும் இல்லை. "இந்த டெலிபோன் பெண்களுக்கு மனசாட்சியே இல்லையா, மகளே?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து உனக்குக் கொடுத்தார்.

நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "திருச்சி, பூத்துக்குள்ளே போங்க" என்று கூப்பிட்டார்கள். எனக்கே நம்பமுடியவில்லை. உன்னை மாஸ்டர்ஜி கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். ரிசீவரில் சரோஜாவின் குரல். "அக்கா, பேரைப் பார்த்தேன், நீங்கதான்னு தெரிஞ்சுது. நாக்பூர் வழியாப் போட்டிருக்கேன். சீக்கிரம் பேசுங்க, மானிட்டர் வந்துடுவாங்க." அவ்வளவுதான் சொன்னாள். தாத்தாவோடு பேசிய மூன்று நிமிஷத்தில் பாதி, "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போயிற்று. மீதியில் அவர் கேட்டது, "பயலுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்பதுதான். முளைத்துவிட்டது என்றேன். "எத்தனை?" என்று அவர் கேட்கும்போது லைன் அறுந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து என்னையும் உன் அப்பாவையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனார். அது வேறு கதை.

வெளியே வந்தபோது மாஸ்டர்ஜி உன்னைத் திருப்பிக் கொடுத்தார். முகம் மாறியிருந்தது. "நான் காலையில் புக் செய்தவன். நீ இப்போது வந்தவள். உனக்கு மட்டும் எப்படி லைன் கிடைத்தது?" என்றார். நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு நழுவினேன். அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அதில் ஒரு வரி பொய் கிடையாது. லைன் இருக்கிறது, வேண்டியவர்களுக்குப் போடுகிறார்கள், மற்றவர்களை வேண்டுமென்றே காக்கவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவர் மகளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. சம்மதமில்லாமலே இந்தச் சண்டையில் சிக்கி, யாருடைய பட்டியலிலும் சேராமல் நஷ்டப்பட்ட மனிதர் அவர். யூனியன் என்றால் இதுவும் சேர்ந்ததுதான், உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நிர்வாகத்துக்கு அந்தப் புகார் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி. விதிப்படி வேலை செய்தோம் என்று சொன்னால் யாரையும் தொடமுடியாது. வேண்டுமென்றே லைனை அடைத்துவைத்தார்கள் என்று நிரூபித்தால் ஹர்பன்ஸ் கௌரை வேலையைவிட்டே அனுப்பலாம், என் சஸ்பென்ஷனையும் உறுதி செய்யலாம், யூனியனும் அதோடு தலை தூக்காது. திருச்சிக்கும் லைன் போகிற மெட்ராஸ் போர்டில் அன்றைக்கு யார் என்று பார்த்தார்கள். சரோஜா.

மதியம் புல்வெளியில் கூட்டம். நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் தடவையாக ஒருத்தி கையிலும் கம்பளி ஊசி இல்லை. "பாகல் ஹோ கயீ ஹை க்யா?" என்று ஹர்பன்ஸ் ஆரம்பித்தாள். பைத்தியமா உனக்கு, இத்தனை பேர் வேலையையும் பணயம் வைத்து நடக்கிற காரியத்தில் இப்படிச் செய்வாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். சரோஜா அழவில்லை. "அவங்க அப்பாவுக்கு ஆபரேஷன். கை தானாப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். யூனியனிலிருந்து இவளை நீக்கவேண்டும் என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அவ்வளவு நேரம் சரோஜாவைத் திட்டிக்கொண்டிருந்த ஹர்பன்ஸ் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். "திட்டறது வீட்டுக்குள்ள. கேட்டுக்கு வெளிய போனா இவ நம்ம பொண்ணு. இதுல யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லு." 

மறுநாள் சரோஜாவை ஓர் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சோதனைக்கு வந்தவர் இல்லை, அவருக்கும் மேலே. தமிழர். கோயிலில் பார்த்தால் எங்களைப் பெயர் சொல்லி விசாரிப்பவர், நல்ல மனிதர் என்றே எல்லாரும் சொல்வோம். உட்காரச் சொன்னாராம். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளரில் காபி ஊற்றி, "சாப்பிடும்மா, வீட்டுக் காபி. இந்த ஊர் சாயாவை மனுஷன் குடிப்பானா?" என்றாராம். பிறகு மெதுவாக, "பாரும்மா, நீயும் நானும் இங்க பிழைக்க வந்தவங்க. அந்தப் பஞ்சாபி அம்மா கத்துவா, சண்டை போடுவா, அவளுக்கு இங்க ஆள் பலம் இருக்கு. கடைசியில மாட்டிக்கறது நம்ம ஊர்ப் பொண்ணுங்கதான். லைன் இருந்தும் போடாதேன்னு சொன்னது ஹர்பன்ஸ் கௌர்னு நாலு வரி எழுதிக் குடு. உன்மேல தப்பே வராது. உன் மெட்ராஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு. இந்த மாசமே வண்டி ஏறலாம்" என்றாராம்.

இது என்ன ஆசை என்று உனக்குப் புரியாது, நீ டெல்லியிலேயே பிறந்தவன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் மெட்ராஸ் மாற்றலுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். சரோஜாவுக்கு அது ஆசை மட்டுமில்லை. பெரம்பூரில் அவள் அம்மா தனியாக இருந்தாள். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது, அடுப்புப் பற்றவைக்கக்கூடப் பக்கத்து வீட்டைக் கூப்பிடவேண்டிய நிலைமை. டெல்லிக்கு வா என்றால் அந்தக் குளிரில் செத்தே போவேன் என்பாள். இத்தனையும் அந்த அதிகாரிக்குத் தெரியும். மனுவிலேயே சரோஜா எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் மோதி பாக்குக்கு நம் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு எல்லாம் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். உண்மையாகவே சொன்னேன். "என் சஸ்பென்ஷன் என் பாடு. உங்கம்மாவைப் போய்ப் பாரு" என்றேன். உன் அப்பாவும் அதுதான் புத்திசாலித்தனம் என்றார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன்க்கா, நீங்களுமா?" என்றாள். "அந்தம்மா என்னை அத்தனை பேர் எதிர்ல திட்டிச்சு. திட்டிட்டு, இவ நம்ம பொண்ணுன்னுச்சு. நான் போய் அது வேலையைப் பறிச்சுட்டு மெட்ராஸ்ல இறங்கினா எங்கம்மா மூஞ்சியை எப்படிக்கா பார்ப்பேன்? அதுக்குக் கண்ணு தெரியாட்டியும் நான் பார்க்கணுமில்ல?" பிறகு உன்னைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் எழுதிக் கொடுத்தாள். நாலு வரிதான். அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் எல்லாரும் விதிப்படிதான் வேலை செய்தார்கள். மானிட்டர் அனுமதி இல்லாமல், வரிசையை மீறி, நாக்பூர் வழியாக ஒரு லைன் போட்டது நான் ஒருத்திதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதற்கான தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அந்த அதிகாரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாராம். அவரால் எதுவும் செய்யமுடியவில்லை. அவளைத் தண்டிக்கவேண்டும் என்றால் விதியை மீறியதற்காகத்தான் தண்டிக்கவேண்டும். அப்படித் தண்டித்தால் மற்றவர்கள் எல்லாரும் விதிப்படி நடந்தார்கள் என்று அவரே கையெழுத்துப் போட்டதாக ஆகும். பள்ளிக்கூடப் படிப்போடு வேலைக்கு வந்தவள் ரவி, ஒரே ராத்திரியில் இதை யோசித்திருக்கிறாள். நான் பின்னால் அவளிடம், "முதல் நாள் அந்தக் காபியைக் குடிச்சியா?" என்று கேட்டேன். "குடிக்காம? வீட்டுக் காபியாச்சேக்கா, விடுவாங்களா?" என்றாள்.

யாரையும் தொடமுடியாமல், லைனும் ஓடாமல், கடைசியில் என் சஸ்பென்ஷனை ரத்து செய்தார்கள். கொஞ்ச நாளில் எக்ஸ்சேஞ்சில் குழந்தைகளுக்கென்று ஓர் அறையும் ஓர் ஆயாவும் கிடைத்தது. திறப்பு விழாவுக்கு, யோசித்துக்கொண்டிருந்த தலைவர்கள் எல்லாரும் மறக்காமல் வந்து மாலை போட்டுக்கொண்டார்கள். ஹர்பன்ஸ் மேடையேறாமல் கீழே நின்று ஸ்வெட்டர் பின்னினாள். நீ அந்த அறையில்தான் நடை பழகினாய். நீ முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, "ஹலோ". சரோஜா தன் ரிலீஃபில் வந்து உனக்குப் பருப்புச் சாதம் ஊட்டுவாள்.

சரோஜாவுக்குக் கண்டனம் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதினார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் மாற்றல் மனு கீழே போய்விடும். போயிற்று. அந்த அதிகாரி பழிவாங்கினார் என்றுகூட நான் சொல்லமாட்டேன், விதிப்படி நடந்தது. அடுத்த வருஷமும் மனுப் போட்டாள், அதற்கடுத்த வருஷமும் போட்டாள். யூனியன் அவளுக்காகப் பேசியது, எதுவும் நடக்கவில்லை. யூனியனாலும் முடியாத விஷயங்கள் உண்டு. பிறகு அவள் அம்மா போய்விட்டதாகத் தந்தி வந்தது. ரயில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்த பிறகு அவள் மனுப் போடுவதை நிறுத்திவிட்டாள். அங்கே யார் இருக்கிறார்கள், போவதற்கு?

இவ்வளவுதான் விஷயம். உன்னை வேலையில் சேராதே என்று சொல்லவில்லை. பேச்சுவார்த்தையில் யூனியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஒரு பைசா விடாமல் சண்டை போடு. அதற்குத்தான் உனக்குச் சம்பளம். அவர்கள் தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே சொல், ஹர்பன்ஸ் மாதிரி கத்தியே சொல். ஆனால் அந்த வெல்டரைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, மேஜைமேல் ஒரு சாவியை வைக்காதே. குவார்ட்டர்ஸ் அவனுக்குச் சேரவேண்டியது என்றால் அதைக் கொடு, சும்மா கொடு. கோரக்பூரில் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று உன் மேலதிகாரிக்கு எப்படித் தெரிந்தது? அவனே மனுவில் எழுதியிருப்பான். இரக்கப்படுவார்கள் என்று நம்பி எழுதியிருப்பான்.

நீ ஃபரீதாபாத்தில் என்ன செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு நீ போன பிறகு சரோஜா மிச்சப் பட்டாணியையும் உரித்து முடித்துவிட்டு, "பையன் நல்லா வந்துட்டான்க்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த வெல்டர் பொண்டாட்டி பாவம், எத்தனை நாளாக் காத்திருக்காளோ" என்றாள். 

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். நீயும் வா. வந்ததும் முதலில் பால்கனிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரி. மெட்ராஸ் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் இனிமேல் அவளிடம் கேட்காதே. கேட்டால் அவள் இந்தத் தடவையும் சிரித்துவிடுவாள், ரவி. என்னால் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாது.

அம்மா